தொப்பி மாட்டும் முன்: கண் விழித்தும் பேசாத நோயாளிக்கு மூளை–கணினிச் சோதனை செய்ய நினைக்கும் வீட்டாருக்கு

சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் வீடு தேடிச் சென்று இயன்முறை சிகிச்சை அளிப்பது என் தொழில். சாலை விபத்திலோ மூளை இரத்தக் கசிவிலோ அடிபட்டுப் பல மாதங்களாகியும், கண் விழித்திருந்தும் பேச்சோ குறிப்பான அசைவோ இல்லாமல் படுத்திருப்பவர்களின் வீட்டார், அண்மைக் காலமாகக் கைப்பேசியில் ஒரு காணொலியைக் காட்டி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். தலையில் தொப்பி மாட்டினால் மனத்தில் நினைப்பதைக் கணினி சொல்லிவிடுமாமே, இவருக்கும் செய்து பார்க்கலாமா? பார்க்கலாம். ஆனால் அந்தத் தொப்பி, நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தேடும். நோயாளிக்குப் பழக்கமில்லாத மொழியில், மருந்து மயக்கத்தில் அவர் அயர்ந்திருக்கும் வேளையில் கேட்டால் விடை வராது. வராத விடை ‘அறிவு இல்லை’ என்று தாளில் ஏறிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி தொப்பிக்கு முந்தைய வேலையைப் பற்றியது. அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் மருத்துவர்களைக் காட்டிலும் வீட்டார்தாம்.

எந்த நிலை என்று எழுதி வாங்குங்கள்

வீடுகளில் எல்லாவற்றையும் ‘கோமா’ என்றே சொல்கிறோம். கோமாவில் கண் திறக்காது. அது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. கண் திறந்து மூடி, உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்து, ஆனால் அறிந்து செய்யும் செயல் எதுவும் தென்படாத நிலைக்கு 1972-இல் பிரையன் ஜென்னெட், ஃபிரெட் பிளம் என்ற இரு மருத்துவர்கள் வைத்த ஆங்கிலப் பெயர் மனிதரைச் செடிகொடியோடு ஒப்பிடுவதாக இருந்தது. அந்தச் சொல் வேண்டாம், ‘துலங்கலற்ற விழிப்பு’ (விழித்திருந்தும் அறிந்து பதில் செய்யாத நிலை) என்று சொல்வோம் என 2010-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் முன்மொழிந்தார்கள். ஒருநாள் கண்ணால் பின்தொடர்ந்து, மறுநாள் தொடராமல், ஒருமுறை சொன்னதைச் செய்து, மறுமுறை செய்யாமல் இருப்பது ‘குறைந்தபட்ச உணர்வு நிலை’. இதற்கான அளவுகோல்கள் 2002-இல் வகுக்கப்பட்டன. உடல் முழுவதும் செயலிழந்து, அறிவு முழுமையாக இருந்து, பெரும்பாலும் கண்ணை மேலும் கீழும் அசைக்க மட்டுமே முடிகிற பூட்டுண்ட நிலை இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. மூளை–கணினிக் கருவி பற்றி வரும் வியப்பான செய்திகளில் பல அந்தப் பூட்டுண்டவர்களையோ, கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களையோ பற்றியவை. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் மூளைக்குள் சில்லு பொருத்தியதும் தண்டுவடம் அடிபட்ட, தெளிந்த அறிவுள்ள ஒருவருக்குத்தான். உங்கள் வீட்டு நோயாளி எந்த வகை என்பதை நரம்பியல் மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டாம்.

எழுதி வாங்கிய பிறகும் அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. 2009-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள், ‘துலங்கல் இல்லை’ என்று மருத்துவக் குழுக்கள் ஒருமனதாகக் கருதிய 44 பேரை முறையான அளவுகோல் கொண்டு மீண்டும் பார்த்தபோது 18 பேரிடம் உணர்வின் அடையாளங்களைக் கண்டார்கள். அந்த அளவுகோலின் பெயர் ‘திருத்தப்பட்ட கோமா மீட்பு அளவுகோல்’, 2004-இல் வெளியானது, கேட்டல், பார்த்தல், அசைவு, வாய் அசைவு, தொடர்பு, விழிப்பு என்ற ஆறு பகுதிகளில் மொத்தம் 23 புள்ளிகள். இதை இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து முறை செய்தால்தான் நம்பலாம் என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவமனைச் சுற்றில் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துச் சொன்னது இதற்கு ஈடாகாது. ‘இந்த அளவுகோலை எத்தனை முறை வைத்துப் பார்த்தீர்கள்?’ என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

பதினான்கு நாள் நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நாள், மணி, கடைசியாக மருந்து கொடுத்த நேரம், உணவு ஊற்றிய நேரம், காய்ச்சல், மலம் கழித்ததா, வலிப்பு வந்ததா, என்ன செய்யச் சொன்னோம், என்ன செய்தார் என்று கட்டம் போடுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று என நாளுக்கு இருமுறை போதும்.

தொடங்குமுன் காதைப் பாருங்கள். பல மாதம் படுத்தவரின் காதில் குறும்பி அடைத்திருப்பதை நான் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். காது கேளாதவரிடம் கட்டளை கேட்டுப் பயனில்லை. அடிபடுவதற்கு முன் கண்ணாடி அணிந்தவருக்கு அதை மாட்டிவிடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வெளியே தெரியாத வலிப்பு, மூளையில் நீர் கோத்தல் ஆகியவை விழிப்பைக் கெடுப்பவை. நீர் கோத்தது அறுவை சிகிச்சையால் சரியாகக் கூடியது என்பதால், முன்பு இருந்த சிறிய அசைவும் குறைந்துவிட்டால் தலை ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். லோராசிபாம், குளோனசிபாம், பேக்லோஃபென் போன்றவை அயர்வு தருபவை. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. நேரத்தை மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று மட்டும் கேளுங்கள். அமண்டடின் என்ற மாத்திரை, தலையில் அடிபட்ட 184 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், கொடுத்த நான்கு வாரமும் மீட்சியை விரைவுபடுத்தியது. உங்கள் நோயாளிக்குப் பொருந்துமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடலாம்.

இனிச் செய்முறை. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முடிந்தால் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கண்கள் திறந்திருக்கும் வேளையைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஒரு நிமிடம் எதுவும் சொல்லாமல் பாருங்கள். அவர் தாமாகவே செய்யும் அசைவுகளை முதலில் எழுதிவைத்தால்தான், பின்னர் வருவது சொன்னதற்காக வந்ததா, தானாக வந்ததா என்று பிரிக்க முடியும். அடுத்து, கையளவுக் கண்ணாடி ஒன்றை அவர் முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்துக்கும் குறைவாகப் பிடித்து, இடமும் வலமும், மேலும் கீழும் மெதுவாக நகர்த்துங்கள். விரலையோ கைவிளக்கையோ பின்தொடராத கண், தன் முகத்தைக் கண்ணாடியில் பின்தொடர்வதுண்டு. சாமி படத்தையும் பேரக்குழந்தையின் படத்தையும் காட்டுகிறோமே என்பார்கள். காட்டுங்கள், ஆனால் கண்ணாடியை விட்டுவிடாதீர்கள்.

பிறகு கட்டளை. ‘என் கையைப் பிடி’ என்று உள்ளங்கையில் விரலை வைத்துச் சொல்வதைத்தான் எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். அது மிக மோசமான கட்டளை. மூளை அடிபட்டவரின் உள்ளங்கையைத் தொட்டாலே விரல்கள் அனிச்சையாக மூடிக்கொள்ளக் கூடும். தொடாமல் சொல்லக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள்: மேலே பாருங்கள், வாயைத் திறங்கள், கட்டைவிரலைத் தூக்குங்கள். ஒரே கட்டளையை நான்கு முறை சொல்லி, ஒவ்வொரு முறையும் பத்து வினாடி காத்திருங்கள். இடையிடையே ‘இப்போது அசைக்காமல் இருங்கள்’ என்றும் சொல்லிப் பாருங்கள். அப்போதும் அதே அளவு அசைந்தால், முதலில் கண்டதைக் கணக்கில் சேர்க்க முடியாது. நான்கில் மூன்று முறை வந்தால் அதற்குப் பொருள் உண்டு. அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் அன்றைக்குப் பார்த்து வராது.

இப்படி விரலோ கண்ணோ சொன்னதைக் கேட்கத் தொடங்கிவிட்டால், பெரும்பாலானோர்க்குத் தொப்பியே தேவைப்படாது. ஒரு பொத்தானும் ஒரு மணியும் போதும். இதைச் சொன்னால் சில வீட்டாருக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

எந்த மொழியில் கேட்பது

இந்த ஊரில் இது தனித்து எழுத வேண்டிய செய்தி. சேலத்தின் அம்மாபேட்டை, குகை பகுதிகளில் வீட்டுக்குள் சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசி, வாசலைத் தாண்டினால் தமிழ் பேசுகிற குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவருக்கு, அறுபது வயதைத் தாண்டியவர், வெளியூரில் ஓரிடத்தில் இத்தகைய சோதனை செய்தார்கள். காதொலிக் கருவியில் பதிவுசெய்யப்பட்ட கட்டளைகள் வானொலிச் செய்தி வாசிப்பதைப் போன்ற தமிழில் இருந்தன. ‘உங்கள் வலது கரத்தை அசைப்பதாகக் கற்பனை செய்யவும்’ என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவருடைய வீட்டில் கரம் என்று யாரும் சொன்னதில்லை. கற்பனை செய்யவும் என்று அவரிடம் யாரும் கட்டளையிட்டதுமில்லை. விடை வரவில்லை என்று தாள் வந்தது.

எனவே சோதனை செய்பவரிடம் முன்கூட்டியே பேசி, கட்டளைகளை நோயாளியின் வீட்டுமொழியில், அவர் நன்கறிந்த குரலில் பதிவுசெய்து கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். மகளோ மருமகனோ அவரை எப்படி அழைப்பாரோ அப்படியே, ‘அப்பா’ என்றோ ‘மாமா’ என்றோ தொடங்கட்டும். வாக்கியம் குட்டையாக இருக்கட்டும்.

செய்யச் சொல்லும் வேலையும் அவருடைய வாழ்க்கையில் இருந்தே வர வேண்டும். 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், துலங்கலற்ற நிலையில் இருந்ததாகக் கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகவும் தன் வீட்டின் அறைகளில் நடப்பதாகவும் மனத்தில் எண்ணச் சொன்னபோது, நலமுள்ளவர்களின் மூளையில் வேலை செய்யும் அதே பகுதிகள் அவருக்கும் வேலை செய்தன. இந்தத் துறை முழுவதும் அந்த ஒரு சோதனையிலிருந்து கிளைத்தது என்று சொல்லலாம். ஆனால் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்தவரிடம் டென்னிஸ் மட்டையைப் பற்றிப் பேசி என்ன பயன்? கிளையை வளைத்துப் பழம் பறித்துக் கூடையில் போடுவதாக மனத்தில் நினைக்கச் சொல்லலாம். நெசவாளருக்கு, தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை வலக்கையால் இழுப்பது. கோலம் போட்டவருக்குப் புள்ளி வைப்பது. கையின் பழகிய அசைவாக, இடைவிடாமல் திரும்பத் திரும்பச் செய்வதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கருவி எந்தக் கையின் அசைவை எதிர்பார்த்து அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டு அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

கருவி என்ன செய்கிறது

மூளையின் மின்னோட்டத்தைத் தலைத்தோலின் மேலிருந்து பதியும் இ.இ.ஜி.தான் இந்தத் தொப்பி. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் முதன்முதலில் பதிந்த அதே அலைகள். அளவு ஒரு வோல்ட்டின் லட்சத்தில் சில பங்குகள். பல முறை பதிந்து கணினி அவற்றைத் தொகுத்துப் பார்ப்பதனால்தான் சோதனை நீள்கிறது.

கையசைவை மனத்தில் நினைக்கும்போது, அந்தக் கைக்கு எதிர்ப்புறம் உள்ள மூளைப் பகுதியில் வினாடிக்கு 8 முதல் 12 முறை வரை துடிக்கும் ஓர் அலை தணியும். அந்தத் தணிவைப் பிடிப்பது ஒரு முறை. இன்னொன்று, ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும் ஒலிகளுக்கு நடுவே எப்போதாவது வரும் வேறொரு ஒலி எத்தனை முறை வந்தது என்று எண்ணச் சொல்வது. கவனித்து எண்ணினால் ஏறத்தாழ 300 மில்லிவினாடிக்குப் பின் ஓர் எழுச்சி தெரியும். அதை பி-300 என்பார்கள். திரையில் எழுத்துகள் மின்னும் முறையும் இதைக் கொண்டே 1988-இல் உருவானது; ஆனால் கண்ணை ஓரிடத்தில் நிறுத்த முடியாத நம் நோயாளிகளுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. காதுவழிச் சோதனை, அல்லது இரு மணிக்கட்டிலும் சிறிய அதிர்வான்களைக் கட்டி ‘ஆம் என்றால் இடக்கை அதிர்வை எண்ணுங்கள், இல்லை என்றால் வலக்கை அதிர்வை எண்ணுங்கள்’ என்று சொல்லும் சோதனை இருக்கிறதா என்று கேட்டு, அதையே தேர்ந்தெடுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் எழும் அலை, உறங்குபவரிடமும் துலங்கலற்றவர் சிலரிடமும் எழுவதுண்டு. பெயருக்கு அலை வந்தது என்பதை மட்டும் வைத்து அறிவு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

சோதனை நாள்

ஏற்காட்டிலிருந்து இறங்குபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துவந்த அன்றே சோதனைக்கு உட்காரவைக்க வேண்டாம். பெங்களூருக்கு ஆம்புலன்ஸில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகிறவர்களுக்கும் இதே சொல். ஒருநாள் தங்கி, உறங்கவிட்டு, நோட்டில் அவர் அதிகம் விழித்திருந்ததாகப் பதிவான மணியைக் கேட்டுப் பெறுங்கள். இதற்காகத்தான் அந்தப் பதினான்கு நாள் நோட்டு.

முந்தைய நாள் தலைக்கு ஷாம்பு போட்டுக் கழுவி, எண்ணெய் வைக்காமல் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனைகள் சரியாகப் பற்றாது. மண்டையோட்டு எலும்பை எடுத்துவிட்டு வயிற்றில் தைத்து வைத்திருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். எலும்பில்லாத இடத்தில் தொப்பியை அழுத்தக் கூடாது; அங்கே அலைகளின் அளவும் மாறித் தெரியும். எம்.ஆர்.ஐ.யும் சேர்த்துச் செய்வதென்றால், மூளைநீர் வடிகுழாய், உலோகக் கிளிப்பு பற்றிய அறுவைக் குறிப்பைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டிலேயே செய்தால், காற்று மெத்தையின் மோட்டார், இன்வெர்ட்டர், மின்விசிறி ஆகியவற்றை நிறுத்திவிட்டு, மின்கலத்தில் ஓடும் கருவியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. பக்கத்து வீட்டு விசைத்தறி நிற்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் மார்கழிக் குளிரில் நோயாளி நடுங்கினால் தசை அலைகள் எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால் போர்வை அவசியம். முடிந்தவுடன் மெத்தை மோட்டாரை மீண்டும் போட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருநாள் மறந்த வீட்டில் படுக்கைப் புண் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விடையைப் படிப்பது

ஆம்–இல்லைக் கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலும் பாதி சரியாக வரும். பத்துக்கு ஏழு சரி என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாணயம் சுண்டும் நூறு பேரில் 17 பேருக்கு ஏழோ அதற்கு மேலோ வரும். இருபதுக்கு 15 வந்தால் அந்த வாய்ப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைகிறது. எனவே விடை தெரிந்த கேள்விகளையே, குறைந்தது இருபதாவது, வேறு வேறு நாளில் கேட்கச் சொல்லுங்கள்: ‘உங்கள் தம்பி பெயர் முருகனா?’, ‘நம் வீடு மலைமேல் இருக்கிறதா?’ ஆம் என்பதும் இல்லை என்பதும் சம எண்ணிக்கையில், ஒழுங்கில்லாமல் கலந்து வர வேண்டும்.

நோயாளியின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் ‘உதவுபவர்கள்’ எவரையும் அண்டவிடாதீர்கள். 2009-இல் பெல்ஜியத்தில் பல ஆண்டுகளாகப் பேச்சற்றிருந்த ஒருவர் இவ்விதம் தட்டச்சு செய்கிறார் என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. உதவுபவரை வெளியே அனுப்பிவிட்டு நோயாளிக்கு மட்டும் ஒரு பொருளைக் காட்டிப் பின் கேட்டபோது விடை சரியாக வரவில்லை. தட்டியவை உதவுபவரின் சொற்கள் என்று மறு ஆண்டு தெளிவானது. அவர் ஏமாற்ற நினைத்தவரல்லர். தம் கை தம்மை அறியாமல் நகர்ந்ததை அவரும் உணரவில்லை. உங்கள் வீட்டிலும் விடை அறிந்தவர் நோயாளியைத் தொடாமல் இருக்கட்டும்.

கருவியிலிருந்து ‘இல்லை’ என்று வரும் முடிவுக்கு, ‘ஆம்’ என்று வருவதைவிடக் குறைந்த மதிப்பு. 2011-இல் வெளியான இ.இ.ஜி. ஆய்வில் துலங்கலற்ற 16 பேரில் மூவர் கட்டளைக்கு மூளையால் பதிலளித்ததாகக் காட்டப்பட்டது. அதன் கணக்கிடும் முறையைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் குறைகூறினார்கள் என்பதும் உண்மை. அதே ஆய்வில் முழு நலமுள்ள 12 பேரில் மூவரிடம் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2024-இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்குப் பணிந்தது தெரிந்தது. ஆனால் கண்கூடாகக் கட்டளையைச் செய்த 112 பேரில் 43 பேருக்குத்தான் கருவி ‘ஆம்’ என்றது. முதல் எண் செய்தித்தாளில் வரும். இரண்டாவது எண்ணை வீட்டார் மனத்தில் வைக்க வேண்டும்.

ஆம்–இல்லை உறுதிப்பட்ட பின்னும், முதல் கேள்வி வலியைப் பற்றியதாக இருக்கட்டும்: தோள் வலிக்கிறதா, திருப்பிப் படுக்கவைக்கவா, குளிர்கிறதா. வாழ விருப்பமா, சொத்தை யாருக்கு எழுதுவது என்பவற்றை இந்தத் தொப்பியிடம் கேட்பது தகாது. நூற்றுக்கு எண்பது சரியாகச் சொல்லும் கருவியைக் கொண்டு வீட்டைப் பங்கு பிரிக்க முடியாது.

பணம் பற்றி ஒரு சொல். இது நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையன்று. ஆய்வின் பகுதியாகச் செய்கிறார்கள் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உள்ள எண்ணையும் கேளுங்கள். ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. முன்பணம் கேட்டு, ‘பத்து அமர்வில் பேசவைக்கிறோம்’ என்பவரிடம் தறியை விற்றுக் கொடுக்காதீர்கள்.

முன்பு சொன்ன அந்த நெசவாளருக்கு, அம்மாபேட்டைக்காரர், ஏழு மாதம் கழித்து மீண்டும் செய்தோம். மகள் வீட்டுமொழியில் பதிவுசெய்த குரல், காலை பத்து மணி, நாடாக் கயிறு. முதல் நாள் இருபதுக்கு 14. நாணயம் சுண்டுபவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு அவ்வளவு வரும். இரண்டாம் நாள் காய்ச்சல், பத்துதான் வந்தது. தாளில் ‘உறுதி செய்ய இயலவில்லை’ என்று எழுதச் சொன்னேன், ‘இல்லை’ என்று எழுத ஒப்பவில்லை. வரும் தை மாதத்துக்கு மூன்றாம் முறை நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் காதில் மறுபடி சேர்ந்த குறும்பியை எடுத்தாயிற்று.